சுத்தியல் காம்பிலிருந்து நியூட்டன் வரை: விசை, இயக்க விதிகளைச் செய்து காட்டிக் கற்பிப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தருமபுரி மாவட்டத்து அரசுப் பள்ளிகளில் பல வருடங்களாக அறிவியல் எடுத்து வருகிறேன். விசை, இயக்கம் என்று வந்தால் கரும்பலகையைவிடத் தரையில்தான் எனக்கு அதிக வேலை. குறுவள மையக் கூட்டங்களிலும் (சுற்றுவட்டாரப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் கூட்டங்கள்) தொலைபேசியிலும் சக ஆசிரியர்கள் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். சில கேள்விகள் பிள்ளைகள் கேட்டவை.

படம் வரைந்து விளக்கினாலே பிள்ளைகளுக்குப் புரிகிறதே, சோதனை எதற்கு?

புரிந்துவிட்டதா என்று பார்க்க ஒரு கேள்வி போதும். இயக்க விதிகள் பாடம் முடித்த பத்தாம் வகுப்பில், நன்றாகப் படிக்கிற பிள்ளையைக் கூப்பிடுங்கள். ஒரு பந்தைச் செங்குத்தாக மேலே எறியுங்கள். பந்து கையை விட்டுப் பாதி உயரத்தில் மேலே போய்க்கொண்டிருக்கும்போது அதன்மேல் என்னென்ன விசைகள் செயல்படுகின்றன என்று கேளுங்கள். "கீழே புவியீர்ப்பு விசை, மேலே நாம எறிஞ்ச விசை சார்" என்பார்கள். பத்துக்கு எட்டுப் பேர் அப்படித்தான் சொல்வார்கள் என்பது என் அனுபவம். கையை விட்ட பிறகு "எறிந்த விசை" என்று ஒன்று கிடையாது. காற்றின் தடையை விட்டுவிட்டால் புவியீர்ப்பு ஒன்றுதான்.

இதில் பிள்ளைகள் மேல் தப்பில்லை. மூட்டையை இழுத்தால் நகர்கிறது, விட்டால் நின்றுவிடுகிறது. பிறந்ததிலிருந்து பார்த்தது அதைத்தான். நகரும் பொருளுக்குத் தள்ளிக்கொண்டே இருக்க ஒன்று வேண்டும் என்றுதான் அரிஸ்டாட்டிலும் நினைத்தார். அந்த எண்ணத்தை அசைக்க மனிதகுலத்துக்கே ஏறக்குறைய 2000 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. நாம் 2 பீரியடில் எழுதிப்போட்டு முடித்துவிட்டால், பிள்ளை தேர்வுக்கு ஒரு விதியும் தெருவுக்கு ஒரு விதியுமாக வைத்துக்கொள்ளும்.

சரி, எந்தச் சோதனையிலிருந்து ஆரம்பிப்பது?

எதிலிருந்து வேண்டுமானாலும் ஆரம்பியுங்கள். ஆனால் செய்வதற்கு முன்னால் பிள்ளைகள் வாயால் ஒரு முடிவைச் சொல்லியிருக்க வேண்டும். முடிந்தால் நோட்டில் எழுதியிருக்க வேண்டும். நான் விடாப்பிடியாக வைத்திருக்கும் ஒரே ஒழுங்கு இதுதான்.

ஆரம்ப வருடங்களில் எனக்கு இது தெரியாது. டம்ளர்மேல் அட்டை, அட்டைமேல் நாணயம் வைத்துச் சுண்டுவேன். அட்டை பறக்கும், நாணயம் டம்ளருக்குள் விழும், பிள்ளைகள் கை தட்டுவார்கள். திருவிழாவில் வித்தை காட்டுகிறவருக்கும் எனக்கும் வித்தியாசம் இல்லாமல் இருந்தது. ஒருநாள் கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன், "சார், அட்டையை மெதுவா இழுத்தா?" என்றான். இழுத்தேன். நாணயமும் அட்டையோடு சேர்ந்து வந்தது. அதே நாணயம், அதே நிலைமம் (இருக்கிற நிலையிலேயே தொடரப் பார்க்கும் தன்மை). வேகமாகச் சுண்டினால் நிற்கிறது, மெதுவாக இழுத்தால் வருகிறது. அன்றைக்குத்தான் வகுப்பில் உண்மையான சண்டை ஆரம்பித்தது. அட்டைக்கும் நாணயத்துக்கும் இடையில் இருக்கும் உராய்வு விசைதான் நாணயத்தை இழுக்கப் பார்க்கிறது. சுண்டும்போது அந்த விசைக்குக் கிடைக்கும் நேரம் கண் இமைக்கிற பொழுதுகூட இல்லை. மெதுவாக இழுத்தால் வேண்டிய நேரம் கிடைக்கிறது. இந்த இடத்தை நான் விளக்கவில்லை, ஒரு பெண் விளக்கினாள்.

அதிலிருந்து, சோதனைக்கு முன்னால் "நாணயம் விழுமா, வருமா? விழும் என்பவர்கள் கை தூக்குங்கள்" என்று கேட்காமல் எதையும் தொடுவதில்லை. தப்பாகக் கை தூக்கிய பிள்ளை மறப்பதில்லை. சரியாகத் தூக்கிய பிள்ளை, சும்மா ஊகித்ததா காரணம் தெரிந்து தூக்கியதா என்பதும் வெளியே வந்துவிடும்.

'விசை' என்ற சொல்லிலேயே பிள்ளைகள் குழம்புகிறார்களே?

குழம்பத்தான் செய்வார்கள். "விசையா ஓடி வாடா" என்றால் வேகமாக வா என்று அர்த்தம். பேச்சில் விசையும் வேகமும் ஒன்று. வேகமாகப் போகும் பொருளுக்குள் விசை இருக்கிறது என்று பிள்ளை நினைப்பதற்கு நம் மொழியே ஒரு கை கொடுக்கிறது. நான் முதல் இரண்டு வகுப்புகளுக்கு விசை என்ற சொல்லைத் தனியாகப் பயன்படுத்துவதே இல்லை. "யார் யாரைத் தள்ளுகிறார், யார் யாரை இழுக்கிறார்" என்று முழு வாக்கியமாகத்தான் சொல்லவேண்டும் என்பது விதி. "பந்தில் விசை இருக்கிறது" என்று ஒரு பிள்ளை சொன்னால், "யார் தள்ளுகிறார்கள்?" என்று கேட்பேன். பதில் இல்லாவிட்டால் விசையும் இல்லை.

எடை, நிறை சங்கடம் தனி. கடையில் "எடை 1 கிலோ" என்பார்கள், நாம் எடைக்கு அலகு நியூட்டன் என்போம். கடைக்காரரோடு சண்டைக்குப் போக வேண்டாம். சுருள்வில் தராசில் அரைக் கிலோ பெங்களூரா மாங்காயைத் தொங்கவிட்டு, பூமி இதைச் சுமார் 5 நியூட்டன் விசையோடு இழுக்கிறது என்று கையில் உணரக் கொடுங்கள். கிருஷ்ணகிரிப் பக்கம் மாங்காய்க்கா பஞ்சம்? பிறகு 1 நியூட்டன் என்றதும் பிள்ளைகளின் உள்ளங்கை 100 கிராம் பொருளை நினைத்துக்கொள்ளும்.

ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசும் பிள்ளைகள் நிறைய. அவர்களிடம் முதலில் அந்த மொழியிலேயே "தள்ளு, இழு" சொல்ல விடுங்கள். நிலைமம், உந்தம் எல்லாம் அப்புறம் வரட்டும்.

நிலைமத்துக்கு நாணயம், அட்டை தவிர வேறு என்ன இருக்கிறது?

நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இது ஏற்கெனவே கை பழகிய விஷயம். சுத்தியலின் தலை லூசாகிவிட்டால் அப்பா என்ன செய்வார் என்று கேளுங்கள். காம்பின் அடியைக் கல்லில் ஓங்கிக் குத்துவார். தலையை யாரும் தொடுவதில்லை, ஆனால் அது இறுகுகிறது. காம்பு கல்லில் பட்டு நின்றுவிட்டது, தலை கீழே வந்த வேகத்திலேயே தொடர்ந்து வந்தது. இது இயக்கத்தில் நிலைமம். புளியமரத்துக் கிளையை உலுக்கினால் பழம் உதிர்வது ஓய்வில் நிலைமம். கிளை நகர்ந்துவிட்டது, பழம் இருந்த இடத்திலேயே இருக்கப் பார்க்கிறது, இடையில் காம்பு அறுகிறது. எதையெல்லாம் வீட்டில் இப்படிச் செய்கிறோம் என்று பட்டியல் எடுக்கச் சொன்னால், போர்வை உதறுவதிலிருந்து ஈரக்கையை உதறுவது வரை கொண்டுவந்து கொட்டுவார்கள்.

வகுப்பில் செய்ய எனக்கு மிகவும் பிடித்தது கல்லும் நூலும். தையல் நூலில் ஒரு கல்லைக் கட்டி ஜன்னல் கம்பியில் தொங்கவிடுங்கள். கல்லின் அடியில் அதே நூலில் இன்னொரு துண்டைக் கட்டித் தொங்கவிடுங்கள். இப்போது கீழ் நூலைப் பிடித்து இழுக்கப் போகிறோம். எந்த நூல் அறும்? மேல் நூல் என்று பாதிப் பேர், கீழ் நூல் என்று பாதிப் பேர். மெல்ல மெல்ல இழுத்தால் மேல் நூல் அறுகிறது, ஏனென்றால் அது கல்லின் எடையையும் நம் இழுப்பையும் சேர்த்துத் தாங்குகிறது. வெடுக்கென்று இழுத்தால் கீழ் நூல் அறுகிறது. கல் அசைந்து மேல் நூலை நீட்டுவதற்குள் கீழ் நூல் கதை முடிந்துவிடுகிறது. இரண்டு கட்சியும் ஜெயித்தது, இரண்டும் தோற்றது.

மூன்று எச்சரிக்கை: கல் நூல் தாங்கக்கூடிய அளவில், ஆனால் நல்ல கனமாக இருக்கவேண்டும், கூழாங்கல் போதாது. நூலில் முடிச்சு விழுந்த இடம் பலவீனம், அங்கே அறுந்தால் கணக்கில் சேர்க்காதீர்கள். கல்லுக்குக் கீழே மணல் நிரப்பிய தட்டு கட்டாயம், கால்கள் தள்ளி இருக்கட்டும்.

கலிலியோவின் சாய்தளச் சோதனையை நம்மால் செய்ய முடியுமா?

தாராளமாக. 2 மீட்டர் பிவிசி குழாயை நீளவாக்கில் இரண்டாக அறுத்தால் இரண்டு பள்ளங்கள் கிடைக்கும். ஒரு முனையை 10 செ.மீ. உயர்த்தி வைத்துக் கோலி உருட்டுங்கள். ஒரு பிள்ளை விநாடிக்கு ஒருமுறை தாளம் தட்டட்டும். கணக்குப்படி, உருளும் கோலி முதல் விநாடியில் சுமார் 17 செ.மீ., 2 விநாடியில் 70 செ.மீ., 3 விநாடியில் 157 செ.மீ. போயிருக்கும். 1, 4, 9 என்ற விகிதம் வருகிறதா என்று பார்க்கலாம். குழாய் வளைந்திருந்தால் வராது. அடியில் செங்கல் முட்டுக் கொடுத்து நேராக்குங்கள்.

இரண்டாவது பள்ளத்தை எதிரில் ஏறுமுகமாக வைத்தால் இன்னும் அழகு. ஒருபக்கம் இறங்கிய கோலி மறுபக்கம் ஏறுகிறது. ஏறும் பக்கத்தின் சரிவைக் குறைக்கக் குறைக்க அதிக தூரம் ஓடுகிறது. சரிவே இல்லாமல் படுக்கவைத்துவிட்டால் எங்கே நிற்கும்? கலிலியோ கேட்ட கேள்வி இது. வெளியிலிருந்து விசை இல்லாவிட்டால் நிற்பது நின்றுகொண்டே இருக்கும், நகர்வது அதே வேகத்தில் நேராகப் போய்க்கொண்டே இருக்கும் என்ற நியூட்டனின் முதல் விதி (1687) இந்த வழியாகத்தான் வந்தது. பிள்ளைகளும் அந்த வழியில் நடக்கட்டும்.

இரண்டாம் விதிச் சோதனை எனக்குச் சரியாக வருவதே இல்லை. விசையை 4 மடங்கு ஆக்கினால் நேரம் பாதிதான் ஆகிறது. விதி தப்பா?

நிறை மாறாதபோது விசை எத்தனை மடங்கோ, முடுக்கமும் (வேகம் கூடும் வீதம்) அத்தனை மடங்கு என்பதுதான் இரண்டாம் விதி. விதி சரி, அளந்த இடம்தான் தப்பு. இந்தக் கேள்வி இவ்வளவு பேரிடமிருந்து வருவதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வழக்கமான ஏற்பாடு இது: மேசையில் ஒரு சின்ன வண்டி, அதிலிருந்து ஒரு நூல், மேசை விளிம்பில் கப்பி, நூலின் நுனியில் தொங்கும் எடை. வண்டி, சுமை, தொங்கும் எடை எல்லாம் சேர்ந்து 1 கிலோ என்று வைத்துக்கொள்வோம். தொங்குவது 50 கிராம் என்றால் முடுக்கம் சுமார் 0.49 மீ/வி². 1 மீட்டர் கடக்க 2 விநாடி. தொங்குவது 200 கிராம் என்றால் முடுக்கம் 1.96. 1 மீட்டர் கடக்க 1 விநாடி. நேரத்தை அளந்தால் பாதி. ஆனால் முடுக்கம் 4 மடங்குதான் ஆகியிருக்கிறது. தூரம் நேரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பது பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குச் சூத்திரத்தில் தெரியும், கண்ணுக்குத் தெரியாது.

எனவே நேரத்தை அளக்காதீர்கள். 1 விநாடியில் எவ்வளவு தூரம் போகிறது என்று அளங்கள். மேசை ஓரத்தில் மீட்டர் அளவுகோலை ஒட்டி வைத்து, கைபேசியில் படம் பிடித்து, 1 விநாடி ஆனதும் நிறுத்திப் பாருங்கள். 50 கிராமுக்குச் சுமார் 25 செ.மீ., 200 கிராமுக்குச் சுமார் 98 செ.மீ. இப்போது 4 மடங்கு கண்முன்னால் நிற்கும். நிறுத்தற்கடிகாரத்தை நம்பினால், பொத்தானை அழுத்தும் விரலே கால் விநாடி வரை தின்றுவிடும்.

பலர் செய்யும் இன்னொரு தவறு. விசையைக் கூட்டவேண்டும் என்று புதிதாக எடையைத் தொங்கவிடுகிறார்கள். அப்போது மொத்த நிறையும் கூடிவிடுகிறது, ஏனென்றால் தொங்கும் எடையும் வண்டியோடு சேர்ந்து முடுக்கம் அடைகிறது. எடைகளை முதலிலேயே வண்டியில் ஏற்றிவைத்து, ஒவ்வொன்றாக எடுத்துத் தொங்கும் பக்கம் மாற்றுங்கள். மொத்தம் மாறாது.

உராய்வை என்ன செய்வது? பலகையின் ஒரு பக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்துங்கள். நூல் இல்லாமல் வண்டியை லேசாகத் தள்ளிவிட்டால், வேகம் கூடாமலும் குறையாமலும் ஒரே சீராகப் போகும் சரிவு ஒன்று கிடைக்கும். அங்கே நிறுத்திக்கொள்ளுங்கள். சரிவு உராய்வை ஈடுகட்டிவிட்டது. உண்மையில் முதல் விதிக்கு இதைவிட நல்ல செயல்விளக்கம் எனக்குத் தெரியாது. நான் இந்தச் சரி செய்கிற வேலையையே ஒரு பீரியடாக வைத்துவிடுகிறேன்.

எல்லோர் முன்னாலும் சோதனை சொதப்பிவிட்டால்?

சொதப்பும். ஒருமுறை வெளியிலிருந்து வந்தவர்கள் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, "வண்டியை யாரும் தள்ளாவிட்டால் அது ஓய்விலேயே இருக்கும்" என்று சொல்லித் தரையில் வைத்தேன். வண்டி தானாகக் கிளம்பி வாசல் பக்கம் போனது. பிள்ளைகள் சிரித்த சிரிப்பு பக்கத்து வகுப்புக்குக் கேட்டிருக்கும். அறையைக் கழுவினால் தண்ணீர் வெளியே ஓடவேண்டும் என்று கொத்தனார் தரையை வாசல் பக்கம் சரித்துப் போட்டிருக்கிறார். மறுநாள் பிள்ளைகள் கோலியை எடுத்துக்கொண்டு எல்லா அறைகளின் சரிவையும் அளந்து வரைபடம் போட்டுக் கொண்டுவந்தார்கள். நான் சொல்லியிருந்தால் செய்திருக்க மாட்டார்கள்.

சொதப்பினால் மறைக்காதீர்கள். "ஏன் இப்படி?" என்று பிள்ளைகளிடமே கேளுங்கள். வீட்டில் ஒருமுறை செய்து பார்த்துவிட்டு வருவது மட்டும் நம் பொறுப்பு.

மாடு வண்டியை இழுக்கும் அதே விசையோடு வண்டியும் மாட்டைப் பின்னால் இழுக்கிறது என்றால், வண்டி எப்படி நகர்கிறது?

எட்டாம் வகுப்புப் பிள்ளையும் கேட்பாள், முதுகலை முடித்தவரும் கேட்பார். கரும்பலகையில் அம்புக்குறி போட்டு இதை விளக்கி முடித்தவர்களை நான் பார்த்ததில்லை. பேரிங் வண்டி (பலகையின் அடியில் சக்கரமாகப் பழைய பேரிங் மாட்டியது) இருந்தால் அரை மணி நேரத்தில் முடியும்.

இரண்டு பேரிங் வண்டிகளை எதிரெதிரே வையுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பிள்ளை உட்காரட்டும். நடுவில் கயிறு. "ஒருவர் மட்டும் இழு, மற்றவர் சும்மா பிடித்துக்கொள்" என்று சொல்லுங்கள். யார் நகர்வார்கள் என்று முன்பே கேளுங்கள். சும்மா பிடித்திருப்பவர்தான் நகர்வார் என்று பெரும்பாலோர் சொல்வார்கள். இரண்டு பேருமே நடுவுக்கு வந்து முட்டிக்கொள்வார்கள். எடை குறைந்த பிள்ளை அதிக தூரம் வருவாள். இழுத்தது யார் என்பது பொருட்டே இல்லை. கயிற்றின் நடுவில் இரண்டு சுருள்வில் தராசுகளைக் கொக்கி மாட்டி வைத்தால் இரண்டும் ஒரே அளவு காட்டும். இழுப்பவர் பக்கம் அதிகம் காட்டும் என்று பந்தயம் கட்டியவர்கள் தராசைத் தட்டித் தட்டிப் பார்ப்பார்கள்.

அடுத்து, ஒரு பிள்ளை வண்டியிலிருந்து இறங்கித் தரையில் நின்று இழுக்கட்டும். இப்போது வண்டியில் இருப்பவர் மட்டும் வருகிறார். கயிற்றில் அதே சமமான இழுப்புதான். மாறியது என்ன? கால். தரையில் நிற்பவர் தரையைக் காலால் முன்பக்கம் தள்ளி ஊன்றுகிறார், தரை அவரைப் பின்பக்கம் தள்ளுகிறது. கயிறு அவரை முன்னால் இழுப்பதை அது சமன் செய்துவிடுகிறது. மூன்றாவதாக, வழுவழுப்பான தரையில் ஒரு கோணிச்சாக்கை விரித்து அதன்மேல் நின்று இழுக்கச் சொல்லுங்கள். சாக்கோடு வழுக்கிக்கொண்டு வருவார்.

மாட்டு வண்டியின் விடை இப்போது பிள்ளைகள் வாயிலிருந்தே வரும். மாடு குளம்பால் தரையைப் பின்னால் தள்ளுகிறது, தரை மாட்டை முன்னால் தள்ளுகிறது. மாடு நகருமா என்று கேட்டால் மாட்டின்மேல் செயல்படும் விசைகளை மட்டும் பாருங்கள்: தரை முன்னால் தள்ளுவது அதிகமா, வண்டி பின்னால் இழுப்பது அதிகமா? வண்டி நகருமா என்று கேட்டால் வண்டியின்மேல் செயல்படுவதை மட்டும் பாருங்கள். சேற்றில் மாடு ஏன் திணறுகிறது என்பதும் இதிலேயே அடக்கம். கயிறு இழுக்கும் போட்டியில் செருப்பைக் கழற்றி வீசுகிறவர்கள் இந்த விஷயத்தில் நம் எல்லோரையும்விட முன்னால் இருக்கிறார்கள்.

ஒரு வார்த்தை. பேரிங் வண்டி வந்தாலே பையன்கள் ஏறி உட்கார்ந்துகொள்வார்கள், பெண்பிள்ளைகள் சுவர் ஓரம் நிற்பார்கள். முதல் சுற்றை எப்போதும் பெண்களுக்குக் கொடுங்கள்.

மேசைமேல் புத்தகம்: எடை கீழே, மேசையின் தாங்குவிசை மேலே. இது வினை, எதிர்வினைதானே?

இல்லை. நிறைய கையேடுகளில்கூட இந்தத் தப்பு இருக்கிறது. வினையும் எதிர்வினையும் ஒரே பொருளின்மேல் ஒருபோதும் செயல்படாது. பூமி புத்தகத்தை இழுக்கிறது, அதற்கு இணை புத்தகம் பூமியை இழுப்பது. மேசை புத்தகத்தைத் தள்ளுகிறது, அதற்கு இணை புத்தகம் மேசையைத் தள்ளுவது. "யார் யாரை" என்ற வாக்கியத்தில் இரண்டு பெயர்களையும் இடம் மாற்றிப் போட்டால் இணை கிடைத்துவிடும். அது போதும்.

மேசை எப்படித் தள்ளும், அதற்கு உயிரா இருக்கிறது என்று கேட்பார்கள். இரண்டு செங்கல்மேல் ஒரு மெல்லிய பலகையை வைத்து, நடுவில் புத்தகங்களை அடுக்குங்கள். பலகை வளைவது தெரியும். மேசையும் அப்படித்தான், கண்ணுக்குத் தெரியாத அளவு வளைகிறது.

எதிர்வினை என்ற சொல்லும் ஒரு தொந்தரவு. நீ அடித்தால் நான் திருப்பி அடிப்பேன் என்பது போல, முதலில் ஒன்று, பிறகு மற்றொன்று என்று தோன்றும். இரண்டும் ஒரே கணத்தில் பிறந்து ஒரே கணத்தில் மறைகின்றன.

பலூன் ராக்கெட் செய்கிறோம். காற்று பின்னால் இருக்கிற காற்றைத் தள்ளுவதால்தான் போகிறது என்கிறார்களே?

பலூன் சோதனை அழகுதான், ஆனால் அந்தத் தப்பான எண்ணத்தை அது போக்குவதில்லை. பேரிங் வண்டியில் உட்கார்ந்து 3 கிலோ மணல்பையை வீசச் சொல்லுங்கள். வண்டியும் பிள்ளையும் சேர்ந்து 50 கிலோ, பை விநாடிக்கு 4 மீட்டர் வேகத்தில் போகிறது என்றால், வண்டி விநாடிக்கு 0.24 மீட்டர் வேகத்தில் பின்னால் கிளம்பும். உராய்வில் அரைச் சாண் நகர்ந்து நின்றுவிடும். அரைச் சாண் போதும். பை இன்னும் எதையும் முட்டவில்லை, ஆனால் வண்டி நகர்ந்துவிட்டது. ராக்கெட்டும் வாயுவை வீசித்தான் போகிறது, அதற்கு வெளியே காற்று தேவையில்லை. அதனால்தான் விண்வெளியிலும் அது வேலை செய்கிறது.

கனமான பொருள் வேகமாக விழும் என்பதை எப்படி மாற்றுவது?

புத்தகத்தையும் தாளையும் தனித்தனியாகப் போடுங்கள். பிறகு தாளைப் புத்தகத்தின் மேலேயே வைத்துச் சேர்த்துப் போடுங்கள், தாள் புத்தகத்தைவிடச் சின்னதாக இருக்கவேண்டும். பிறகு தாளைக் கசக்கி உருட்டிப் போடுங்கள். 2 நிமிட வேலை. 1971-ல் அப்பல்லோ 15 பயணத்தில் டேவிட் ஸ்காட் நிலவில் சுத்தியலையும் இறகையும் சேர்த்துப் போட்ட காணொளி இருக்கிறது, அதை இதற்கு அப்புறம் காட்டுங்கள், முன்னால் அல்ல.

இன்னொன்று: தண்ணீர் பாட்டிலின் அடிப்பக்கத்தில் ஓட்டை போட்டு, மூடியைத் திறந்து பிடித்தால் தண்ணீர் பீய்ச்சும். பிடியை விட்டால்? விழும்போது பீய்ச்சுவது நின்றுவிடும். தண்ணீரும் பாட்டிலும் ஒன்றாக விழுவதால் ஒன்றை ஒன்று அழுத்துவதில்லை. விண்வெளி வீரர்கள் மிதப்பது ஏன் என்று கேட்க இதைவிட நல்ல இடம் இல்லை.

உந்தம், கணத்தாக்கு இரண்டுக்கும் உள்ளூர் உதாரணம்?

தருமபுரிக்காரர்களுக்குத் தொப்பூர் கணவாயைச் சொன்னால் போதும். 25 டன் லாரியும், ஓட்டுநரோடு சேர்த்து 200 கிலோ பைக்கும், இரண்டும் மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் இறங்குகின்றன. உந்தம் என்பது நிறையையும் வேகத்தையும் பெருக்கினால் வருவது, எனவே லாரியின் உந்தம் பைக்கினுடையதைப்போல 125 மடங்கு. சாலை 20 மீட்டருக்கு 1 மீட்டர் இறங்குகிறது என்று வைத்துக்கொண்டால், லாரியின் எடையில் இருபதில் ஒரு பங்கு, சுமார் 12,250 நியூட்டன், ஓயாமல் அதைக் கீழே தள்ளிக்கொண்டிருக்கிறது. லாரியை 100 மீட்டரில் நிறுத்த இன்னும் சுமார் 35,000 நியூட்டன் வேண்டும். இறக்கம் முழுக்க பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் பிரேக் சூடேறிப் பிடிமானம் குறைந்துவிடும். அதனால்தான் குறைந்த கியரில் இறங்கச் சொல்கிறார்கள். வகுப்பில் லாரி ஓட்டுநரின் பிள்ளை ஒருவராவது இருப்பார், அவரைப் பேச விடுங்கள். ஆனால் விபத்தில் யாரையாவது இழந்த வீட்டுப் பிள்ளையும் இருக்கலாம், கவனம்.

கணத்தாக்கு என்பது விசையையும் அது செயல்படும் நேரத்தையும் பெருக்கினால் வருவது, உந்த மாற்றத்துக்குச் சமம். அதற்குப் பெரும்பாலும் முட்டையை வீசச் சொல்வார்கள். சாப்பிடுகிற முட்டையை வகுப்பில் உடைக்க எனக்கு மனசு வராது. பாலக்கோடு, ராயக்கோட்டைப் பக்கம் விலை விழுந்து தக்காளியைச் சாலையோரம் கொட்டிவிட்டுப் போகும் நாட்கள் வரும். அதைப் பார்ப்பதே வேதனை, என்றாலும் அழுகத் தொடங்கிய தக்காளி நமக்கு நாலு வேண்டும். இரண்டு பேர் பழைய போர்வையைத் தொய்வாகப் பிடிக்கட்டும், அதில் பலமாக வீசுங்கள். உடையாது. சுவரில் வீசினால் என்ன ஆகும் என்று சொல்லவேண்டியதில்லை. 80 கிராம் தக்காளி விநாடிக்கு 8 மீட்டர் வேகத்தில் போய், சுவரில் 0.01 விநாடியில் நின்றால் அதன்மேல் 64 நியூட்டன். போர்வையில் 0.2 விநாடி எடுத்துக்கொண்டு நின்றால் 3.2 நியூட்டன்தான். உந்த மாற்றம் இரண்டிலும் ஒன்றே. சுவரைக் கழுவ ஆள் ஏற்பாடு செய்துவிட்டு ஆரம்பியுங்கள்.

ஒகேனக்கல் பரிசலைப் பாடத்தில் கொண்டுவரலாமா?

கொண்டுவரலாம், பிள்ளைகளை ஆற்றில் இறக்காமல். துடுப்பு தண்ணீரைப் பின்னால் தள்ள, தண்ணீர் துடுப்பை முன்னால் தள்ளுகிறது. அது மூன்றாம் விதி, வினைக்குச் சமமான எதிர்வினை. பரிசல் வட்டமாக இருப்பதால் ஓரத்தில் துடுப்புப் போட்டால் சுழன்றுவிடும். அது திருப்புத்திறன், அதாவது விசை ஒரு பொருளைச் சுழற்றும் திறன். சுழலாமல் நேராகக் கொண்டுபோவதுதான் பரிசல்காரரின் தொழில்திறமை. தொட்டியில் அலுமினியக் கிண்ணத்தை மிதக்கவிட்டு, நடுவிலும் விளிம்பிலும் குச்சியால் தள்ளி வித்தியாசம் பார்க்கலாம்.

பாடத்தை முடிக்கவே நேரமில்லை. பொதுத்தேர்வு இருக்கிறதே?

பத்தாம் வகுப்பில் முதல் பாடமே இயக்க விதிகள். ஆண்டுத் தொடக்கத்தில் வருவதால் நேரம் இருக்கும், பயன்படுத்திக்கொள்ளுங்கள். அறிவியலில் 25 மதிப்பெண் செய்முறைக்கு உண்டு. திருப்புத்திறன்களின் தத்துவத்தைப் பயன்படுத்தி ஒரு பொருளின் எடையைக் காண்பது அந்தப் பட்டியலில் இருக்கிறது. அதைச் செய்யும்போது அளவுகோலை 50 செ.மீ.யில் கட்டித் தொங்கவிட்டுவிட்டு, சமநிலைக்கு வரவில்லை என்று பிள்ளைகள் தவிப்பார்கள். மரத்தின் அடர்த்தி எங்கும் ஒரே மாதிரி இருக்காது. எங்கே கட்டினால் கிடைமட்டமாக நிற்கிறதோ அதுதான் மையம், அது 49.7 ஆகவும் இருக்கலாம்.

6 முதல் 8 வரையான வகுப்புகளுக்கு 2022 நவம்பரில் தொடங்கிய வானவில் மன்றம் என்ற அரசுத் திட்டத்தின் வழியாகச் சோதனைகள் நடக்கின்றன. அங்கே பேரிங் வண்டியை ஏழாம் வகுப்பிலேயே அறிமுகம் செய்துவிட்டால், பத்தாம் வகுப்பில் உங்கள் வேலை பாதி.

பேரிங் வண்டிக்குப் பேரிங் எங்கே கிடைக்கும்?

லாரிப் பட்டறையில் கேளுங்கள். தேய்ந்து கழற்றிப் போட்டதைப் பெரும்பாலும் சும்மாவே கொடுப்பார்கள். தெருவில் ஓட்டும் வண்டிக்கு 3 பேரிங் வைப்பார்கள், முன்பக்கம் ஒன்று திருப்புவதற்கு. நமக்கு நேராக ஓடினால் போதும் என்பதால் 4 வையுங்கள், அச்சு இரண்டும் இணையாக இருக்கட்டும். பேரிங்கை ஒரு நாள் டீசலில் ஊறவைத்துப் பழைய கிரீஸையும் மண்ணையும் கழுவிவிட்டு, கெட்டியான கிரீஸுக்குப் பதில் தையல் மெஷின் எண்ணெய் 2 சொட்டு விடுங்கள், லேசாக உருளும். கழுவும் வேலையை நீங்களே செய்யுங்கள், பிள்ளைகளிடம் விட வேண்டாம். வண்டியில் உட்காரும் பிள்ளை விரல்களைப் பலகைக்கு வெளியே நீட்டக்கூடாது என்று ஒவ்வொரு முறையும் சொல்லுங்கள்.